பதினேழு சிவப்புக் குறிகள்

பெற்றவர்கள் அவனுக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவன் பெயர் ‘பீரோ’. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தில், இரும்பு பீரோ ஒன்றை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி நான்காம் மாடியில் இறக்கிவிட்டு, “அதோட கண்ணாடி எங்க? அதையும் கொண்டாந்துடறேன்” என்று கேட்டானாம். அன்றைக்கு ஒட்டிய பெயர். கோபம் வந்தால் கூடப்பிறந்த அக்காளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த பீரோ மூன்று வாரமாக வேலைக்குப் போகாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்தால், ததும்பத் ததும்பத் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தை ஏந்தியவன்போல மெல்ல எழுந்தான். கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட மனைவியைக் கூப்பிட்டான். அவன் எங்கும் விழவில்லை, எதிலும் அடிபடவில்லை. அவனை உட்கார வைத்தது அக்காள் புருஷன் சொன்ன வார்த்தைதான்.

அக்காள் புருஷனுக்கு வயது ஐம்பத்தொன்று. பம்ப் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் செக்கிங் வேலை பார்த்தவர். லேத்திலிருந்து வரும் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, தேறாததன் கழுத்தில் சிவப்புக் குறி போட்ட அட்டையைக் கட்டி ஒதுக்கிவிடுவார். எல்லோருக்கும் அவர் செக்கிங்காரர். அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்புக் குறி விழுந்துவிட்டால் முதலாளியே வந்து நின்றாலும் அதை அழிக்க முடியாது. குறி போட்டவரே அதன் குறுக்கே கோடிழுத்து, ‘என் பிழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. செக்கிங்காரர் இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி எழுதியதில்லை. அதில் அவருக்குப் பெருமைதான். பெருமை என்பது நமக்குத் தெரியாமலேயே நம் பைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் சாமான். ஒரு நாள் உதறிப் பார்க்கும்போதுதான் இத்தனை நாளும் சுமந்தது தெரியும்.

பிறகு தொழிற்சாலைக்கு கேமரா வைத்த ஒரு சோதனை இயந்திரம் வந்தது. பச்சை விளக்கு எரிகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும் என்றார்கள். ஆறு மாதம் பார்த்தார். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, “இத்தனை வருஷமா ‘சரியில்ல, சரியில்ல’ன்னே சொல்லிட்டேன். மிச்ச நாள்லயாவது எதையாவது சரி பண்ணணும்னு தோணுது” என்றார். எலும்பையும் தசையையும் கையாலேயே தொட்டு உணர்ந்து வைத்தியம் செய்யும் ஆஸ்டியோபதியை மாலை வகுப்பில் சொல்லித்தரும் ஒரு பள்ளியை அவரே தேடி வைத்திருந்தார்.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நின்று நின்று வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்தபடி கணவரை மேலும் கீழும் பார்த்தாள். “படிங்க. நல்ல காரியம்தான். ஆனா வீட்டுல யாரையும் அளந்து பார்க்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்றாள்.

முதல் வகுப்பில் ஆசிரியை மேசைமேல் ஒரு தலைமுடியை வைத்து, அதன்மேல் ஒவ்வொரு தாளாக அடுக்கி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடச் சொன்னார். மற்றவர்கள் எட்டுத் தாள், பத்துத் தாளோடு நின்றுவிட்டார்கள். செக்கிங்காரர் இருபத்திரண்டாம் தாளுக்கு மேலிருந்தும் முடி கிடக்கும் இடத்தைச் சரியாகத் தொட்டுவிட்டு, “இதுல ரெண்டு தாள் கோணலா வெட்டியிருக்கு” என்றும் சொன்னார். ஆசிரியைக்கு முப்பத்துமூன்று வயதுதான் இருக்கும். “சார், உங்க விரலுக்குக் காதே இருக்கு. இனிமே வாய்க்கும் கொஞ்சம் பாடம் எடுக்கணும்” என்று சிரித்தார். வகுப்பும் சிரித்தது. செக்கிங்காரர் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

படிப்பின் கடைசி அரை வருஷத்தில் முப்பது பேருக்கு வைத்தியம் பார்த்துப் பதிவேடு எழுத வேண்டும். பீரோ பத்தொன்பதாம் ஆள். துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றைத் திருப்பும்போது கீழ்முதுகில் வலப்பக்கம் ஒரு பிடிப்பு, அதற்காகத்தான் வந்தான். “மாமா, உங்க கை ராசியைப் பார்ப்போம். முதுகை உடைச்சிட்டா அக்கா உங்களைச் சும்மா விட மாட்டா” என்று சிரித்துக்கொண்டே கட்டிலில் குப்புறப் படுத்தான்.

செக்கிங்காரர் கைகழுவி, வழக்கம்போலக் கண்ணை மூடி, ‘கடவுளே, என் கையால் யாருக்கும் தீங்கு வரக் கூடாது’ என்று வேண்டிக்கொண்டார். கைக்காக வேண்டிக்கொண்டார். நாக்குக்காக வேண்டிக்கொள்ள அன்று அவருக்குத் தோன்றவில்லை.

பிடிப்பு இருந்த இடத்தைப் பதமாகத் தளர்த்திவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அத்தனை பெரிய முதுகு விரலடியில் விரிந்து கிடந்தது. விரல் ஓடியது. இடது இடுப்பெலும்பு வலதைவிட அரை விரல் உயரம். வலது தோள் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. முதுகுத்தண்டு நடுவில் லேசாக ஒரு வளைவு. ஒரு கால் மற்றதைவிடக் கடுகளவு குட்டை. பழைய கை பழைய வேலையைத் தொடங்கிவிட்டது. மனித உருவம் வரைந்த தாளில் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறி போட்டார். கழுத்து முதல் குதிகால்வரை பதினேழு. தொழிற்சாலையில் படிப்பது போலவே அதே குரலில் வரிசையாகப் படித்தும் காட்டினார்.

பீரோவின் சிரிப்பு பாதியில் நின்றது. “இத்தனை கோளாறை வெச்சுக்கிட்டு நான் எப்படி மாமா இவ்வளவு நாள் நடமாடினேன்?”

“அதுதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு மாப்ளே” என்றார் செக்கிங்காரர். சொல்லிவிட்டு அந்தத் தாளின் நகல் ஒன்றையும் மடித்து அவன் கையில் கொடுத்தனுப்பினார்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செக்கிங்காரரும் மனைவியும் பீரோவின் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்ததுமே அவர் கண்ணில் பட்டது குளிர்சாதனப் பெட்டி. அதன் கதவில் பழ வடிவக் காந்தம் ஒன்றின் கீழே அந்தத் தாள். பதினேழு சிவப்புக் குறிகளோடு, முகமில்லாத ஒரு மனித உருவம் வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தது.

பீரோ இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி உட்கார்ந்திருந்தான். அந்த பெல்ட்டை மருந்துக்கடையில் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவளே அக்காள்தான்.

“வாங்க மாமா. எந்திரிச்சு நிக்கலைன்னு தப்பா நினைக்காதீங்க.”

“இவரோட மேனேஜர் போன் பண்ணாரு அண்ணா” என்றாள் அவன் மனைவி. பேக்கரிக்குப் போக வேண்டியவள், சீருடையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாமல் நின்றாள். “அடுத்த திங்கக்கிழமை வரலேன்னா வேற ஆளைப் போட்டுக்குவாங்களாம். பன்னெண்டு வருஷமா உழைச்ச இடம்.”

அப்போது உள்ளேயிருந்து அவர்கள் மகள் ஓடிவந்தாள். ஐந்து வயது. அப்பாவின் தோள்மேல் ஏறி உட்கார்ந்து, வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து தெருவுக்குப் போய் வருவது அவளுக்குத் தினப்படி சவாரி. பழக்கத்தில் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள்போலத் தானே கீழே இறக்கிக்கொண்டாள்.

“அப்பாவுக்கு இடுப்பு சரியில்ல” என்று வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னாள். “மாமா சொல்லிட்டாங்க.”

மாமா சுவரைப் பார்த்தார்.

திரும்பும்போது பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். நான்காவது நிறுத்தத்தில் மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

“லாரி ஏறியிருந்தாக்கூட என் தம்பி எந்திரிச்சிருப்பான். நீங்க ஏறிட்டீங்க.”

அவர் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணு செய்யுங்க. அடுத்த வாரம் போய், சத்தம் வர்ற மாதிரி நாலு அமுக்கு அமுக்கி, ‘எல்லாம் நேராயிடுச்சுடா’ன்னு சொல்லிடுங்க. அவன் நம்புவான். நீங்க சொன்னதை நம்பித்தானே இப்பவும் உட்கார்ந்திருக்கான்.”

“அது பொய்யில்லையா?”

“உண்மையைச் சொல்லி என்னத்தைச் சாதிச்சீங்க?”

*

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும், மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து ஆசிரியையிடம் போனார். ஆசிரியை கட்டில்களின் விரிப்புகளை உருவி மடித்துக்கொண்டிருந்தார். செக்கிங்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

“அவர் என்ன வலின்னு வந்தார் சார்?”

“கீழ்முதுகு மேடம். வலப்பக்கம் ஒரு பிடிப்பு.”

“அது இப்ப எப்படி இருக்கு?”

செக்கிங்காரர் விரிப்பை மடிப்பதை நிறுத்தினார். “மூணே நாள்ல போயிடுச்சாம்.”

“அப்ப இத்தனை வாரமா எதுக்காக உட்கார்ந்திருக்கார்?”

“நான் சொன்ன சொல்லுக்காக.”

ஆசிரியை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “இந்தத் தொழில்ல கைதான் ஆபத்துன்னு எல்லாரும் நினைக்கிறாங்க” என்று மட்டும் சொன்னார்.

“நீங்க ஒரு தடவை வந்து அவன்கிட்ட சொன்னீங்கன்னா...”

“நான் சொன்னா, மாமாவைக் காப்பாத்த டீச்சரைக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு நினைப்பார். குறி போட்டது நீங்க சார். அதை வேற யார் எடுத்தாலும் அது போகாது.”

செக்கிங்காரருக்குச் சுருக்கென்றது. இதே சட்டத்தைத்தான் அவரும் இருபத்தாறு வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிவந்தார்.

“பதிவேட்டுல எழுதிட்டீங்களா?” என்று கேட்டார் ஆசிரியை, கடைசி விரிப்பை அடுக்கும்போது.

பதிவேட்டில் ஒவ்வோர் ஆளுக்கும் கடைசியில் ஒரு கட்டம் உண்டு: ‘தீங்கு ஏதேனும் நேர்ந்ததா?’ எல்லா மாணவர்களும் அதில் ‘இல்லை’ என்று எழுதுவார்கள். அவரும் பதினெட்டுப் பேருக்கு அப்படித்தான் எழுதியிருந்தார். பத்தொன்பதாவது இன்னும் காலியாகக் கிடந்தது. ‘ஆம்’ என்று எழுதினால் தேர்வுக் குழுவுக்குப் போகும். அரை வருஷம் திரும்பப் படிக்கச் சொல்வார்கள்.

“எலும்பு ஒண்ணும் உடையலையே மேடம். அதையும் தீங்குன்னு எழுதணுமா?”

“உங்களுக்கு என்ன தோணுதோ எழுதுங்க” என்று ஆசிரியை விளக்கை அணைக்கப் போனார்.

*

சனிக்கிழமை பகல். பீரோ கூடத்தில் விரித்த கம்பளிமேல் குப்புறப் படுத்திருந்தான். படுக்கவே அவனுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. மனைவி பிடித்துக்கொள்ள, முதலில் ஒரு முழங்கால், பிறகு மறு முழங்கால், பிறகு கை. ஒரு காலத்தில் கட்டிலையும் மெத்தையையும் ஒன்றாகத் தூக்கியவன். அக்காள் சுவரோரம் நின்றாள். சிறுமி கதவிடுக்கிலிருந்து பார்த்தாள்.

செக்கிங்காரர் தன் மனைவி சொன்னதைச் செய்வதென்று முடிவுசெய்துதான் வந்திருந்தார். வழியெல்லாம் தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டார். பொய்தான், ஆனால் நல்லது நடக்குமே. திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடுவான். குழந்தை தோளில் ஏறும். பதிவேட்டில் ‘இல்லை’ என்று எழுதிவிடலாம். எல்லோருக்கும் சௌகரியம்.

இரண்டு கையையும் அவன் முதுகில் வைத்தார். முதுகு கல்லாக இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் இல்லாத இறுக்கம். பயம் தசையில் குடியேறியிருந்தது விரலுக்கு நன்றாகவே தெரிந்தது. பிடிப்பு ஒன்றோடு வந்தவனை முதுகு முழுக்கப் பிடிப்போடு படுக்க வைத்திருந்தார்.

“சரி பண்ணிடுங்க மாமா” என்றான் பீரோ, முகத்தைக் கம்பளியில் புதைத்தபடி. “நீங்க ‘ஆச்சு’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மறுபடி கோணலாச்சுன்னா மறுபடி உங்ககிட்டயே வந்துடறேன்.”

அந்தக் கடைசி வாக்கியம் கையைத் தடுத்தது. மறுபடி வருவான். ஒவ்வொரு தும்மலுக்கும், ஒவ்வொரு மாடிப்படிக்கும் வருவான். தன் உடம்பைத் தான் நம்பாமல், மாமாவின் வாயைப் பார்த்தே ஆயுசு முழுக்க நடப்பான். ஒரு சொல்லால் உட்கார வைத்தவனை இன்னொரு சொல்லால் நடக்க வைத்தால், அவன் நடந்தாலும் கயிறு தன் கையில்தான் இருக்கும் என்பது அந்த நல்ல மனிதருக்குப் புரிந்துவிட்டது.

கையை எடுத்துவிட்டார்.

“என்ன மாமா, அவ்வளவு மோசமா?” என்றான் பீரோ.

“மாப்ளே, உன் உடம்புல சரி பண்ண ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பு பண்ணிட்டேன்.”

சுவரோரம் நின்ற அக்காள் கண்ணால் ஜாடை காட்டினாள். அவர் பார்க்கவில்லை.

பீரோ மெல்லப் புரண்டு ஒருக்களித்துப் படுத்தான். “அப்ப அந்தப் பதினேழும் பொய்யா?”

“பொய் இல்ல. எல்லாம் இருக்கு. ஆனா அதெல்லாம் எல்லாருக்கும் இருக்கும். என்கிட்டயும் இருக்கும்.”

“எனக்காகச் சொல்றீங்க.”

“சந்தேகமா இருந்தா நீயே பாரு.” செக்கிங்காரர் சட்டையைக் கழற்றினார். பனியனோடு, பீரோவின் பக்கத்திலேயே அதே கம்பளியில் குப்புறப் படுத்துவிட்டார். “மரச்சாமானைத் தொட்டே எந்தக் கால் குட்டைன்னு சொல்ற ஆளுதானே நீ? என்னைத் தொட்டுச் சொல்லு.”

“அய்யய்ய, என்ன மாமா இது?”

“வை கையை.”

பீரோ எழுந்து மண்டியிட்டான். இந்த முறை யாரையும் கூப்பிட மறந்துவிட்டான்; அதை அக்காள் மட்டும் கவனித்தாள். அலமாரியைத் தள்ளிப் பார்ப்பதுபோல மாமாவின் இடுப்பில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தான். கட்டைவிரலால் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தான்.

“மாமா, உங்களுக்கு இந்தப் பக்கம் ஏறி இருக்கு.”

“எவ்வளவு?”

“என்னைவிட ஜாஸ்தி. அக்கா, இங்க வந்து பாரு. உன் வீட்டுக்காரர் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்காரு.”

“அது கல்யாணத்தப்பவே எனக்குத் தெரியும்” என்றாள் அக்காள். ஆனாலும் வந்து குனிந்தாள். “தோளைப் பாரு. ஒண்ணு வடக்கே, ஒண்ணு தெற்கே.”

“முதுகுத்தண்டு எங்க? ஆங், இங்க. இங்க ஒரு வளைவு. இங்க இன்னொண்ணு. ரெண்டு இருக்கு மாமா! எனக்கு ஒண்ணுதான்.” அவன் குரலில் மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. “இத்தனை கோளாறை வெச்சுக்கிட்டு எப்படி மாமா நடமாடுறீங்க?”

கம்பளியில் முகம் பதிந்திருந்ததால் செக்கிங்காரரின் கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை.

எழுந்து உட்கார்ந்து, சட்டையைப் போடாமலே சொன்னார்: “தொழிற்சாலைல எந்தப் பாகமும் சொன்ன அளவுக்கு அப்படியே வராது மாப்ளே. ஒரு முடி கூடும், ஒரு முடி குறையும். இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம்னு ஒரு எல்லை எழுதி வெச்சிருப்பாங்க. அந்த எல்லைக்குள்ள இருந்தா, அதைத் தேறினதா எடுத்துக்கணும். அந்த எல்லையைப் பார்க்காம நான் ஒரு நாள்கூட இரும்புக்குக் குறி போட்டதில்ல. மனுஷன்னு வந்தப்ப மறந்துட்டேன். உன்னைப் படைச்சவர் உனக்கும் ஒரு எல்லை கொடுத்திருக்காரு. அது இரும்புக்குக் கொடுத்ததைவிடப் பெருசு. நான் பார்க்கலை.”

பீரோ தன் பெரிய கைகளைப் பார்த்தபடி இருந்தான்.

“மூணு வாரமா என் பொண்ணைத் தூக்கலை மாமா” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. “கனவுல தூக்கறேன். தூக்கும்போது முதுகு ‘படக்’னு ஒடையுது. பயந்து முழிச்சிடறேன். இப்ப நீங்க தேறிட்டேன்னு சொல்றீங்க. என் முதுகுக்கு யாரு சொல்றது?”

செக்கிங்காரர் எழுந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்தார். சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து, கழுத்திலிருந்த முதல் குறியின் குறுக்கே கோடிழுத்தார். பக்கத்தில் ‘என் பிழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. எழுதப் பழகாத கை. முதல் இரண்டும் கோணலாக வந்தன. பதினாறுக்கும் தனித்தனியாக எழுதினார். ‘மேற்படி’ என்று போடவில்லை. கீழ்முதுகில் வலப்பக்கம் இருந்த ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

“அது?” என்றான் பீரோ.

“அது உனக்கு நெசமா வலிச்ச இடம். அதை எப்படிப் பிழைன்னு எழுதுவேன்?”

பீரோ தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தான். வேலைக்குப் போகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. அக்காள்தான் கணவரைச் சாப்பிடக்கூட விடாமல் கிளப்பிக்கொண்டு வந்தாள். பேருந்தில் அவள், “நான் சொன்ன மாதிரி செஞ்சிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்” என்றாள். இரண்டு நிறுத்தம் கழித்து, அவர் சட்டையில் தவறாக மாட்டியிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை செக்கிங்காரர் பதிவேட்டைத் திறந்தார். பத்தொன்பதாம் ஆளின் கடைசிக் கட்டத்தில், ‘ஆம். பயமுறுத்தினேன். மூன்று வாரம் வேலை இழந்தார், மகளைத் தூக்க முடியவில்லை’ என்று எழுதினார். எழுதியபின் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தொரு வயதில் அரை வருஷம் என்பது சின்னக் காலம் இல்லை. மனைவி பின்னால் வந்து நின்று படித்தாள். காபியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

*

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே பீரோவின் தெருமுனையில் போய் நின்றார். கம்பெனி லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். மூன்றாம் முறை அடிக்கும்போது கதவு திறந்தது.

பீரோ வந்தான். பெல்ட் கட்டியிருந்தான். நடையிலும் அந்த ஜாக்கிரதை இருந்தது. ஆனால் வந்தான்.

மாமாவைப் பார்த்ததும் நின்றான். “நீங்க எங்க மாமா?”

“கூட வரேன். லேசான பெட்டி ஏதாவது இருந்தா குடு.”

“உங்க இடுப்புக்கு ஆகாது மாமா. ஒரு பக்கம் ஏறி இருக்கு.”

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “யாரு பீரோ இவரு? புது ஆளா? இந்த வயசுலயா?”

“எங்க வைத்தியர்” என்றான் பீரோ. சிரிக்காமல்தான் சொன்னான், ஆனால் கையைக் கொடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

அன்று இரண்டாம் மாடி வீடு. பீரோ காலையில் தலையணையும் பாத்திரப் பெட்டியும்தான் தூக்கினான். ஒவ்வொரு தடவையும் தூக்குமுன் ஒரு கணம் நின்றான். கிணற்றில் எட்டிப் பார்ப்பவன்போல இருந்தது அந்த நிற்பு. செக்கிங்காரர் ஒவ்வொரு நடையிலும் அவன் பின்னாலேயே ஏறினார். ‘ஆச்சு’ என்றோ ‘பயப்படாதே’ என்றோ சொல்லவில்லை. நாக்குக்கும் சேர்த்து அன்று காலையில் வேண்டிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல் ஒரு சின்ன மேசையின் ஒரு பக்கத்தைப் பீரோ பிடித்தான், மறுபக்கத்தை அவர் பிடித்தார். படி திரும்பும் இடத்தில் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

மாலையில் இருவரும் ஒன்றாகவே வீடு திரும்பினார்கள். சிறுமி வாசலில் நின்றாள். கையில் அந்தத் தாள். நாளெல்லாம் வைத்திருந்திருப்பாள் போல, ஓரமெல்லாம் கசங்கியிருந்தது.

பீரோ அவள்முன் குனிந்து இரண்டு கையையும் நீட்டினான்.

சிறுமி ஓர் அடி பின்னால் போனாள். “வேண்டாம்ப்பா. உனக்கு இடுப்பு சரியில்ல.”

பீரோவின் கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. பெரியவனுக்குப் போட்ட குறி குழந்தையின் மேலும் விழுந்திருக்கிறது; அதை இத்தனை நாளும் செக்கிங்காரர் பார்க்கவே இல்லை.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். “கண்ணு, மாமா தப்பாச் சொல்லிட்டேன். பாரு, எல்லாத்தையும் அடிச்சிட்டேன்.”

அவள் நம்பாமல் தாளை மடியில் விரித்து எண்ணத் தொடங்கினாள். பதினொன்றுக்குப் பிறகு தடுமாறி, திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள். அப்பாவும் மாமாவும் காத்திருந்தார்கள். கடைசியில் கீழ்முதுகுக் குறியின் மேல் விரலை வைத்தாள்.

“இதை அடிக்கலையே.”

“அது அப்பாவுக்கு நெசமாவே வலிச்ச இடம். இப்ப வலி போயிடுச்சு.”

“நெசமாவா?” இது அப்பாவிடம்.

பீரோ கொஞ்சம் யோசித்தான். “வலி போயிடுச்சும்மா. பயம்தான் இன்னும் கொஞ்சம் இருக்கு.”

இப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பயம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். இருட்டான மாடிப்படியில் அவளுக்கும் வரும். அப்போதெல்லாம் அப்பா ‘ஒரு படி மட்டும் ஏறு’ என்பான்.

தாளை மாமாவிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“அப்ப கொஞ்சமாத் தூக்கு” என்றாள். “இவ்வளவுதான்.” கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அளவு காட்டினாள்.

பீரோ அவள் அக்குளில் கைகொடுத்தான். ஒரு கணம் நின்றான். பிறகு தூக்கினான். அவள் செருப்பு தரையை விட்டுச் சரியாக ஒரு சாண்தான் உயர்ந்தது. அதற்குமேல் போகவில்லை. அவன் நெற்றியெல்லாம் வியர்வை.

“போதும், இறக்கு” என்றாள் சிறுமி, அவன் முதுகில் தட்டிக்கொடுத்து. “நாளைக்கு இன்னும் கொஞ்சம்.”